பஞ்சாமிர்த டப்பாவும் நானூறு வருஷச் சண்டையும்

தைப்பூசம் முடிந்த வாரம். ஆபீஸ் நண்பர் ஒருவர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டு வந்து, டீமில் எல்லாருக்கும் ஆளுக்கொரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்தேன். அம்மா திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நெய் வாசம் நல்லா இருக்குடா" என்றார். அன்றைக்கு அத்தையும் வீட்டில் இருந்தார். அப்பாவின் அக்கா.

"ஏம்மா, அது படைச்சதுல்ல?"

"அதுக்கென்ன மதினி, வாழப்பழமும் சக்கரையுந்தான."

"வாழப்பழந்தான். எங்க வச்சிட்டு வந்த வாழப்பழம்?"

அம்மா பிறந்தது திண்டுக்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். அப்பா வீடு சி.எஸ்.ஐ. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷமாகியும் இந்த எல்லைக்கோடு எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் அழியாமல் கிடக்கிறது. அத்தை பொட்டு வைக்கமாட்டார். அம்மா வைப்பார். தாத்தா படத்துக்கு மாலை போடலாமா, கல்யாண மேடையில் குத்துவிளக்கு ஏற்றலாமா, ஆயுத பூஜைக்கு ஆபீஸில் கொடுக்கும் பொரிகடலையைச் சாப்பிடலாமா என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்தப் பஞ்சாயத்து நடக்கும். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இது ஒன்றும் புதிசில்லை. படிக்கிற உங்களில் பலருக்கும் இதே மாதிரி ஒரு அத்தை இருப்பார்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாகப் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் "எது விக்கிரக ஆராதனை, எது வெறும் ஊர் வழக்கம்?" என்ற கேள்விக்குப் பதில் தேடிக் கொஞ்ச நாள் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். தேடத் தேட ஒன்று புரிந்தது. எங்கள் அடுப்படிச் சண்டைக்கு வயசு நானூறு. அதில் சண்டை போட்ட கட்சிகளெல்லாம் கடைசியில் வந்து குடியேறிய இடம், பஞ்சாமிர்தத்துக்குப் பழம் தருகிற அதே பழனி மலைத்தொடர்.

கட்டளை ஒன்றுதான், எண் வேறே

முதலில் ஒரு சின்ன விஷயம். அம்மாவும் அத்தையும் சின்ன வயசில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்தவர்கள். ஆனால் இரண்டு பேரும் படித்த பட்டியல் ஒன்றில்லை. சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் "சுரூபத்தை உண்டாக்காதே, வணங்காதே" என்பது தனியாக இரண்டாவது கட்டளை. கத்தோலிக்கர் அதை முதல் கட்டளைக்குள்ளேயே அடக்கிவிடுவார்கள். அப்புறம் பத்து என்ற கணக்கு வர, கடைசியில் இருக்கும் ஆசைப்படாதே என்ற கட்டளையை இரண்டாகப் பிரிப்பார்கள். லுத்தரன்களும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

பைபிள் வசனம் ஒன்றேதான். எண் போடும் விதந்தான் மாறுகிறது. ஆனால் ஒரு விஷயத்துக்குத் தனி எண் கொடுத்தால் அதன் எடை கூடிவிடும் என்பது லிஸ்ட் போட்டு வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். அத்தை வளர்ந்த சபையில் அது தனி எண். அம்மாவின் பங்கில் மாதா சுரூபமும் அந்தோணியாரும் இருக்கிறார்கள். கி.பி. 787ல் நிக்கேயா சங்கம் தீர்த்துவைத்த வழக்கு அது: படத்துக்குச் செலுத்தும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு. அம்மாவுக்குச் சங்கத்தின் பெயர் தெரியாது. வித்தியாசம் தெரியும்.

மதுரை, 1606

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். 1606ல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே பத்து வருஷத்துக்கும் மேலாக கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் இருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். உள்ளூர்க்காரர் யாரும் அவரிடம் சேரவில்லை. காரணம் எளிது. ஊர்க்கண்ணில் கிறிஸ்தவம் என்பது பரங்கி மார்க்கம். மாட்டுக்கறி, சாராயம், குளிக்காமல் இருப்பது.

நொபிலி காவி உடுத்தினார். மரக்கறி சாப்பிட்டார். தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற மேல்சாதிக்காரர்கள் பூணூல், குடுமி, சந்தனம், குளியல் ஆகியவற்றை விடவேண்டியதில்லை என்றார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு கோவாவுக்குப் போனது. 1619ல் அங்கே ஒரு மாநாடே கூடியது. பிறகு ரோமுக்குப் போனது.

நொபிலியின் வாதம் சுருக்கமாக இதுதான்: ஒரு அடையாளம் இந்தச் சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பூணூல் ஒருவரின் குலத்தையும் தகுதியையும் காட்டுகிறது. சந்தனம் வாசனைக்கும் அழகுக்கும். குளியல் சுத்தத்துக்கு. இவற்றில் சாமி கும்பிடுவது எங்கே இருக்கிறது?

இந்த யோசனை சபைக்குப் புதிசும் இல்லை. 601ல் இங்கிலாந்துக்குப் போன துறவிகளுக்குப் போப் முதலாம் கிரகோரி எழுதிய கடிதத்தில், சிலைகளை அகற்றுங்கள், கோயில் கட்டடங்களை இடிக்க வேண்டாம், புனிதப்படுத்திப் பயன்படுத்துங்கள் என்று சொல்லியிருந்தார்.

1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்புச் சொன்னார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் நான்கும் அனுமதி. ஆனால் நிபந்தனையோடு. கோயிலில் வைத்தோ பூசாரி கையாலோ மந்திரத்தோடோ பெறக்கூடாது. அலங்காரத்துக்கும் சுத்தத்துக்கும் மட்டும். அதே ஆணையில் இன்னொரு அறிவுரையும் இருந்தது: குலப்பெருமை பார்த்துத் தாழ்ந்தவர் என்று சொல்லப்படுபவர்களை இழிவாக நடத்தக்கூடாது, முக்கியமாகக் கோயிலுக்குள். முதல் பாதியை எல்லாரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

பதினாறு தடைகள்

எண்பது வருஷம் கழித்துக் காற்று திசை மாறியது. 1703 நவம்பரில் தூர்னோன் என்ற போப்பின் தூதர் சீனாவுக்குப் போகும் வழியில் பாண்டிச்சேரியில் இறங்கினார். அங்கே கப்புச்சின் துறவிகளுக்கும் இயேசு சபையாருக்கும் ஏற்கெனவே தகராறு. தூதருக்கு உடம்பு சரியில்லை. மதுரை மிஷன் ஊர்கள் எதற்கும் அவர் போகவில்லை. எட்டு மாதம் பாண்டிச்சேரியிலேயே இருந்து விசாரித்து, 1704 ஜூனில் பதினாறு அம்ச ஆணை ஒன்றைப் போட்டார்.

அந்தப் பட்டியல் நம் ஊர் அன்றாட வாழ்க்கையின் சரக்குப் பட்டியல் மாதிரியே இருக்கும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கட்டக்கூடாது. சிலுவையோ மாதாவோ பொறித்துக்கொள்ளலாம். நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக்கூடாது. பெண் வயசுக்கு வந்த சடங்கு கூடாது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கி வைக்கக்கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயில் திருவிழாவில் வாசிக்கக்கூடாது. திருநீறும் நெற்றிக் குறிகளும் கூடாது. ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் தொட்டு வைக்கும் சடங்கை, ஊர்க்காரர் அருவருப்புப் படுகிறார்கள் என்று விடக்கூடாது. நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருவானவர் போய்த்தான் ஆகவேண்டும்.

நொபிலி கேட்டது, இது எதற்குப் பயன்படுகிறது என்று. தூர்னோன் கேட்டது, இது எங்கிருந்து வந்தது என்று. எங்கள் வீட்டு மொழியில் சொன்னால், அம்மா நொபிலி கட்சி, அத்தை தூர்னோன் கட்சி. "எங்க வச்சிட்டு வந்த வாழப்பழம்?" என்பது சுத்தமான 1704 கேள்வி.

நாற்பது வருஷம் மேல்முறையீடு நடந்தது. 1744 செப்டம்பர் 12 அன்று போப் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்துவைத்தார். ஏறக்குறைய எல்லாத் தடையும் உறுதியானது. இங்கே வருகிற மிஷனரிகள் இதற்கு உட்படுவதாகச் சத்தியம் செய்யவேண்டும் என்றும் ஏற்பாடு. அந்தச் சத்தியம் 1940 வரைக்கும் இருந்தது. பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்து, 1969ல் ரோமே இந்தியத் திருப்பலிக்குப் பன்னிரண்டு அம்சங்களை அனுமதித்தது. கைகூப்பிக் கும்பிடுதல், குத்துவிளக்கு, ஆரத்தி எல்லாம் அதில் உண்டு. ஆக, நம்மில் பலருடைய தாத்தாக்கள் காலத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது அப்பாக்கள் காலத்தில் பீடத்துக்கே வந்துவிட்டது.

பூவும் குடுமியும்

புராட்டஸ்டன்ட் பக்கம் இந்தச் சண்டை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இருந்தார். சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, தமிழ்க் கீர்த்தனைகளின் தலைமகன். 1820களில் புதிதாக வந்த இளம் மிஷனரிகள் மேல் அவருக்கு நாலு குறை. பழகிய பைபிள் மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். சாதிகளைக் கலந்து உட்கார வைக்கிறார்கள். விசேஷங்களில் பூ வைக்கக்கூடாது என்கிறார்கள். கோயிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள்.

பூவும் பாட்டும் பறிபோனதற்கு அவர் வருத்தப்பட்டது நமக்குப் புரிகிறது. ஆனால் அதே பட்டியலில் சாதியும் இருப்பதைக் கவனித்தீர்களா? அவர் பார்வையில் பூ எப்படி ஊர் வழக்கமோ அப்படித்தான் சாதியும்.

அடுத்தது குடுமி. 1623ல் போப் தீர்த்துவைத்த அதே குடுமி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் மிஷன்களில் மறுபடி தலைதூக்கியது. குடுமி அஞ்ஞானத்தின் அடையாளம், மிஷன் ஊழியர்கள் அதை வெட்டவேண்டும் என்று ஒரு கட்சி. இதை எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? பிஷப் ராபர்ட் கால்டுவெல். 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, அவரேதான். குடுமியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1875ல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வந்தது. குடுமி மதச் சின்னம் இல்லை, மரியாதையான மனிதர்கள் தலைமுடி வைக்கும் விதம், அந்த விதமும் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது என்பது அவர் கட்சி.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. கால்டுவெல் பொதுவாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. திருநெல்வேலிப் பகுதிப் பேய் வழிபாட்டைப் பற்றி 1849லேயே கடுமையாக எழுதியவர். அந்தப் புத்தகத்தால் பிறகு பெரிய எதிர்ப்பையும் சம்பாதித்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரே தலைமுடியில் சாமி இல்லை என்று சொன்னார்.

ஒரே மலையில் எல்லாரும்

இனி மலைக்கு ஏறுவோம்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834ல். காய்ச்சலிலும் காலராவிலும் அடுத்தடுத்து ஆட்கள் செத்தார்கள். குளிர்ந்த இடம் தேடிப் பழனி மலையில் ஏறினார்கள். 1845ல் அவர்கள் கட்டிய சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களிலிருந்துதான் இன்றைய கொடைக்கானல் தொடங்குகிறது. ஏரி பிறகுதான், கலெக்டர் லெவிஞ்ச் 1863ல் உருவாக்கியது.

நொபிலியின் வாரிசுகளும் வந்தார்கள். 1773ல் கலைக்கப்பட்ட இயேசு சபை திரும்ப உயிர்பெற்று, 1830களின் கடைசியில் பிரான்சிலிருந்து மதுரை மிஷனுக்கு ஆட்களை அனுப்பியது. அவர்களும் சமவெளியில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அவர்களும் மலையேறினார்கள். 1860களில் சலேத் மாதா கோயில் எழுந்தது. 1895ல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி வந்தது.

கால்டுவெல்லும் வந்தார். கடைசி நாட்களைக் கொடைக்கானலில் கழித்து, 1891 ஆகஸ்ட் 28 அன்று அங்கேயே இறந்தார். அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. உடலை மலையிலிருந்து இறக்கி, நெடுந்தூரம் கொண்டுபோய், அவர் ஐம்பது வருஷம் உழைத்த இடையன்குடியில் அடக்கம் செய்தார்கள்.

போன மே மாதம் அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போனேன். சலேத் கோயிலில் அம்மா மெழுகுதிரி ஏற்றினார். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் போனோம். அதைக் கட்டியது லீலாவதி ராமநாதன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி, 1936ல். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. முருக பக்தையானவர். மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி தெரியும். அன்றைக்குத் தெரிந்தது. அம்மாவும் அத்தையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பார்ப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

திரும்பும்போது காரில் அத்தை ஒரு கதை சொன்னார். அவர் பாட்டியின் அம்மா காலத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முனி அடித்துவிட்டது என்பார்களாம். விளைந்ததில் பாதி கொடைக்கும் கிடாவெட்டுக்கும் போகுமாம். இருட்டினால் கிணற்றுப் பக்கம் யாரும் போகமாட்டார்களாம். வேதத்துக்கு வந்த பிறகுதான் அந்தக் கிழவி தைரியமாக ராத்திரி தண்ணீர் இறைத்தாளாம். "ஒங்களுக்கெல்லாம் அது வாழப்பழம். எங்க பாட்டிக்கு அது பயம்ப்பா" என்றார்.

இத்தனை நாள் அத்தையை வெறும் கறார்ப் பேர்வழி என்றே நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் காவல் காப்பது ஒரு விதியை இல்லை, ஒரு விடுதலையை.

இரண்டு சல்லடையிலும் தப்பியது

இதே பஞ்சாமிர்தக் கேள்வியைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து பட்டணத்தில் சந்தித்தார். அங்கே சந்தையில் விற்ற கறியில் கோயிலில் படைத்ததும் கலந்திருக்கும். அவர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், எட்டாம் பத்தாம் அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். சாரம் இதுதான்: விக்கிரகம் என்று ஒன்றும் இல்லை, ஆகவே கறி வெறும் கறிதான். கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கித் தின்னு. ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்கு அது இடறல் என்றால் விட்டுவிடு.

நொபிலியின் கேள்வி இல்லை இது, தூர்னோனின் கேள்வியும் இல்லை. மூன்றாவது கேள்வி. இது பக்கத்தில் இருப்பவரை என்ன செய்கிறது?

இந்த மூன்றாவது கேள்வியோடு பழைய வரலாற்றைத் திரும்பப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. தூர்னோன் பட்டியலில் தேங்காயும் இருந்தது, பறையர் வீட்டுக்குள் போகவேண்டும் என்பதும் இருந்தது. மிஷனரிகளுக்கு எது பெரிய தலைவலியாக இருந்தது? தேங்காய் இல்லை, பறையர் வீடுதான். போனால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டே போய்விடுவார்கள் என்றார்கள். 1744 தீர்ப்பில் கடைசியாகக் கிடைத்த சமரசம் என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை வைத்துக்கொள்ளலாம். தாலியிலிருந்து பிள்ளையாரை எடுக்க முடிந்தது. வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.

"இது மதம் இல்லை, வழக்கம்" என்ற நொபிலியின் சல்லடை சந்தனத்தைக் காப்பாற்றியது, சரி. அதே சல்லடை வழியாகத்தான் சாதியும் உள்ளே வந்தது. குலத்தைக் காட்டும் அடையாளம் என்று சொல்லித்தானே பூணூலுக்கு அனுமதி வாங்கினார்கள்! சாஸ்திரியாரின் பட்டியலில் பூவும் சாதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் இதனால்தான்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் 1833ல் சபைக்குள் சாதியே கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். நம் மலையில் பங்களா கட்டிய அமெரிக்க மிஷன் 1847ல் இன்னும் ஒரு படி மேலே போனது. சாதியை விட்டால்தான் சபையில் இடம், வேலை. அதற்குப் பரீட்சை வேறு: எல்லாரோடும் உட்கார்ந்து, யார் சமைத்திருந்தாலும் சாப்பிடவேண்டும். பல பேர் எழுந்து போனார்கள். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடமாட்டேன் என்று உறுதியாக நின்றவர்களில் சிலரே, சக கிறிஸ்தவர் சமைத்ததையும் தொடமாட்டேன் என்று எழுந்து போயிருப்பார்கள் இல்லையா? 1850ல் சென்னை மிஷனரிகள் மாநாடும் சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. லீப்சிக் லுத்தரன்கள் மட்டும் சேரவில்லை. அவர்கள் சொன்ன காரணம் என்னவென்று ஊகித்துவிடுவீர்கள். சாதி சமூக வழக்கம்.

வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்கு உள்ளேயே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் இருந்தது. 1910ல் அதை இடித்தார்கள். இடித்தது தப்பு, பிரிந்து உட்காருவது எங்கள் உரிமை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்தக் கோயிலுக்குள் சிலை வழிபாடு இருந்ததா என்று கேட்டால் கத்தோலிக்கர் இல்லை என்பார்கள், அத்தை ஆமாம் என்பார். என்னைக் கேட்டால், இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

டப்பாவுக்குத் திரும்புவோம்

இதுவரை சொன்னது மற்றவர்கள் கதை. என் கதையையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

பன்னிரண்டு வருஷம் முன்னால் என் தங்கைக்கு வரன் பார்த்தபோது மேட்ரிமோனியல் படிவத்தை நிரப்பியது நான்தான். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. மதம்: கிறிஸ்தவம். சபை: சி.எஸ்.ஐ. அடுத்த கட்டம்: சாதி. ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. கீழே இறங்கும் பட்டியலில் எங்கள் பெயரைத் தேடிச் சொடுக்கினேன். வந்ததில் ஒரு பையன், நல்ல படிப்பு, அதே சபை, பாடகர் குழுவில் பாடுகிறவர். அம்மா கேட்டார், "எல்லாஞ் சரி, ஆளு யாருன்னு பாத்தியா?" அத்தை கேட்டார், "நம்மாளுக இல்லையேப்பா." பஞ்சாமிர்தத்திலும் பொட்டிலும் குத்துவிளக்கிலும் நாற்பத்தைந்து வருஷம் ஒத்துப்போகாத இரண்டு பேர் அன்றைக்கு ஒத்துப்போனார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. தங்கை என்ன நினைத்தாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

யாருக்கும் அது விக்கிரக ஆராதனையாகத் தோன்றவே இல்லை. ஏனென்றால் தொட்டுப் பார்க்க அங்கே சிலை இல்லை. சந்தனம் இல்லை, மணி இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கேட்கிற, கேட்டதை நாமும் பேசாமல் கொடுக்கிற ஒன்றை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அத்தையின் பாட்டி கிணற்றடியில் எதற்குப் பயந்தாளோ, அதே மாதிரி நாங்கள் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்குப் பயந்தோம்.

பஞ்சாமிர்தம் என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? அத்தை ஊருக்குப் போகும்வரை அம்மா டப்பாவை அலமாரிக்குள் வைத்துவிட்டார். போன பிறகு நானும் அம்மாவும் சாப்பிட்டோம். பவுல் சொன்னதை அம்மா படித்துவிட்டுச் செய்யவில்லை, மதினி மனசு கஷ்டப்படும் என்று செய்தார். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றுதான் என்று படுகிறது. விருப்பாட்சி மலைப்பழம், நெய், தேன், பேரீச்சம்பழம். நன்றாகவே இருந்தது.

போன வாரம் அத்தை போன் செய்தார். அவர் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள். படிவம் நிரப்பும் வேலை மறுபடி என்னிடம் வந்திருக்கிறது. மதம் எழுதிவிட்டேன். சபை எழுதிவிட்டேன். இந்தத் தடவை, அடுத்த கட்டத்துக்கு வந்ததும் முதலில் அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன். "மாமா, அதை அப்படியே காலியா விட்டுருங்க" என்றாள்.

விட்டிருக்கிறேன். அத்தை இன்னும் பார்க்கவில்லை.